முப்பது மாப்பிள்ளைகள்

அண்ணன் வாசல் கதவைத் தட்டவில்லை, உதைத்தான். தாழ்ப்பாள் தெறித்துச் செருப்பு அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. என் வீட்டுக்காரர் என்ன ஏது என்று எழுந்திருப்பதற்குள் காதோடு சேர்த்து ஓர் அறை. ஹெட்போன் இரண்டாக உடைந்து அவர் கழுத்தில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூட நாங்கள் இன்னும் எடுக்கவில்லை.

"சுவருக்குப் பின்னால போயிட்டேன்டா! போன பிறகும் நான் எப்படிடா செத்தேன்?"

வீட்டு மாப்பிள்ளையை அவன் 'டா' போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். கோட்டையைப் பிடிக்கிற ஒரு சண்டை விளையாட்டு. கத்தி, கோடாலி, ஈட்டி. ஒரு படைக்கு அண்ணன் தலைவன், இன்னொன்றுக்கு என் வீட்டுக்காரர். அதை நடத்துகிற சர்வர் எங்கள் வீட்டு உள்ளறையில், நானே பாகம் பாகமாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஒரு மாதமாக அது திணறிக்கொண்டிருந்தது. கத்தியை வீசினால் வெட்டு தாமதமாக விழும். ஓடினால் பின்னுக்கு இழுக்கும். எல்லாருக்கும்தான் அந்த இழவு, ஆனால் சர்வர் இருக்கிற வீட்டிலிருந்தே ஆடுகிற இவருக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் இவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார், அண்ணன் தோற்றுக்கொண்டே இருந்தான். அண்ணனுக்குத் தோற்கத் தெரியாது. சின்ன வயதில் கேரம் போர்டை என் தலையில் உடைத்தவன்.

கூடவே பூரானும் வந்திருந்தான். அண்ணனின் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன், அவன் படையில் ஈட்டிக்காரன். அண்ணன் என்ன செய்தாலும் பக்கத்தில் நின்று பல்லிளிப்பது அவன் வழக்கம்.

அண்ணன் இவரைச் சட்டையோடு இழுத்துக்கொண்டு போய் உள்ளறைக் கதவில் மோதினான். உதடு கிழிந்தது. வலது கையைப் பிடித்து, கதவின் கீல் பக்கத்து இடுக்கில் விரல்களைத் திணித்து, கதவின் மேல் தோளைச் சாய்த்தான்.

"சர்வர் உன் வீட்ல. ஜெயிக்கிறது உன் புருஷன். என்ன தில்லுமுல்லுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணு. அது வரைக்கும் இவன் கை இங்கதான் இருக்கும்."

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல மச்சான்," என்றார் இவர்.

"உன்கிட்ட பேசல." தோள் இன்னும் கொஞ்சம் அழுத்தியது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

என் வீட்டுக்காரர் செயற்கைப் பல் செய்கிறவர். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவரின் ஈறு புண்ணாகிவிடும். அந்த விரல்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. அது தெரிந்துதான் அண்ணன் அந்தக் கையைப் பிடித்திருந்தான்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. மானிட்டரைத் தூக்கி அவன் மண்டையில் போடலாம் போல இருந்தது. ஆனால் தோள் கதவின் மேல் இருந்தது.

நெட்வொர்க்கைப் பார்த்தேன், சுத்தம். டிஸ்க்கில் இடம் இருந்தது. மெமரியும் போதுமானது. விளையாட்டு தன் உலகத்தை விநாடிக்கு முப்பது தடவை கணக்குப் போட வேண்டும், எட்டைத் தாண்டவில்லை. ஏன் என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு புரோகிராமையும் நான் தனித்தனி கண்டெய்னருக்குள் அடைத்து வைத்திருந்தேன். தனித்தனி அறைகள், ஆனால் எல்லாருக்கும் ஒரே அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் அறைக்குள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு மாதமாக அந்த ஓர் அறைக்குள்ளேயே முட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா சும்மா எதையோ தட்டிக்கிட்டிருக்காங்கண்ணே," என்றான் பூரான்.

அண்ணன் இவர் முழங்காலில் உதைத்தான். இவர் சரிந்தார், ஆனால் விரல்கள் மாட்டியிருந்ததால் விழவும் முடியவில்லை. தொங்கினார்.

"மொத்தமா ஆஃப் பண்ணிப் போடுடி!"

"தினமும் அதைத்தான்டா செய்யறேன்! போட்டதும் ரெண்டு நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் மறுபடியும் திணறும்!"

கத்தும்போதே எனக்கு உறைத்தது. கூடவே வேறு ஏதோ எழுந்துகொள்கிறது. விளையாட்டின் கண்டெய்னரை விட்டுவிட்டு, மெஷினில் ஓடுகிற எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நான் வைக்காத ஒன்று இருந்தது. பெயர் 'சும்மா'. பிராசஸரில் முக்கால்வாசியை அதுதான் தின்றுகொண்டிருந்தது. தொடங்கியவன் அண்ணன் என்று அதிலேயே பதிவாகியிருந்தது. நான் வீட்டில் இல்லாதபோது சர்வர் நின்றுபோனால் எழுப்பிவிடட்டும் என்று அவனுக்கு நானே பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அதே விளையாட்டு, அதே கோட்டை. மனிதர்கள் யாரும் இல்லை. கம்ப்யூட்டரே ஆட்டுகிற முப்பது பொம்மை வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலை உருண்டது, கை தெறித்தது. செத்தவன் எழுந்து வந்து மறுபடி வெட்டினான். ஒரு மாதமாக, பார்க்க ஆளில்லாமல். ஒவ்வொரு தலைக்கு மேலும் அண்ணன் வைத்த பெயர்: மாப்ள 1, மாப்ள 2, அப்படியே மாப்ள 30 வரைக்கும்.

மானிட்டரை அவன் பக்கம் திருப்பினேன்.

"பாரு. நல்லா கண்ணைத் திறந்து பாரு."

அவன் பார்த்தான். "இதை நான் அன்னைக்கே மூடிட்டேனே..."

"நீ உன் வீட்ல கேமை மூடின. சர்வர் இங்க ஓடிக்கிட்டேதான் இருக்கு. மெஷினைப் போட்டா தானா எழுந்துக்கணும்னு வேற செட் பண்ணி வச்சிருக்க. என் சர்வரோட மூச்சை அடைச்சது நீ. உன்னைத் தோக்கடிச்சதும் நீயேதான்."

பூரான் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "முப்பது மாப்ளயா அண்ணே? முப்பது பேரை வெட்டிப் பழகியுமா தோத்தீங்க?"

அண்ணனின் காது மடல் சிவந்தது. அவன் என்னையும் பார்க்கவில்லை, பூரானையும் பார்க்கவில்லை. உடம்பு மொத்தத்தையும் கதவின் மேல் போட்டான். வெண்டைக்காயை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் அலறினார்.

மேசைமேல் கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து அண்ணனின் தோளில் குத்தினேன். பிடி வரைக்கும் இறங்கவில்லை, ஆனால் இறங்கியது. அவன் கதவை விட்டான். இவர் தரையில் விழுந்தார். விரல்கள் வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தன. பூரானைக் காணோம். அண்ணன் சுவரோடு சரிந்து, ரத்தம் வழிகிற தோளைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நான் வேணும்னு பண்ணலடி," என்றான். இன்னொரு குத்து குத்தியிருப்பேன். "ஆஸ்பத்திரி," என்றார் இவர்.

மூன்று விரல்கள் முறிந்திருந்தன. அவற்றில் இரண்டு இனி சரியாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கட்டுப் போட்ட கையை நான் மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பொம்மைச் சண்டையை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று இவர் கேட்டார்.

"ஒரு வரி அடிச்சா போதும்."

"அப்ப அதை நிறுத்திட்டு, சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லியிருந்தா மச்சான் விட்டிருப்பாருல்ல?"

"விட்டிருப்பான்."

"அப்புறம் ஏம்மா மானிட்டரைத் திருப்பிக் காட்டின?"

கோபமே இல்லாமல் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவன் மூஞ்சி தொங்கறதைப் பார்க்கணும்னு இருந்துச்சுங்க."

அவர் கையை என் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார்.