துபாய் மணியில் ஓடிய கம்ப்யூட்டர்

ஆவூர் அடைக்கலமேரிக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குள் ஒரு குளத்தின் வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த வரைபட மென்பொருளோ, லைசென்ஸ் செல்லாது என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. முந்தின நாள் மதியம்தான் அதைப் புதுப்பித்திருந்தாள்.

குளங்களைத் தூர்வாரும் அறக்கட்டளை ஒன்று, மாவட்டத்துக் குளங்களை வரைந்து தர ஆள் தேடியது. மாதிரிக்கு ஒரு குளம். பிடித்துப்போனால் வீட்டிலிருந்தபடியே இரண்டு வருட வேலை. அது கிடைத்தால் அவள் கணவன் சவரியப்பன் துபாயை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பதினோரு வருடமாகக் கட்டட வேலையில் வெயில் தின்கிற மனிதர்.

பதற்றத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். லைசென்ஸ் வரவில்லை. தண்ணீர் திறக்கும் மடைக்கும் உபரி வழியும் கலிங்குக்கும் பத்து நாள் உட்கார்ந்து அவள் உருவாக்கி வைத்திருந்த குறியீடுகளும் காணாமல் போயின. சும்மா இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் யாரால் சும்மா இருக்க முடிகிறது?

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணில் நிலோஃபர் என்றொரு பெண் கிடைத்தாள். அங்கிருந்தபடியே இவள் திரையைத் திறந்து பார்த்தவள், எடுத்த எடுப்பில் மணியைத்தான் கேட்டாள்.

"அக்கா, இப்ப மணி என்னங்க?"

"பன்னெண்டே கால்."

"ஒங்க கம்ப்யூட்டர்ல பத்தே முக்கால்னு காட்டுதே?"

அடைக்கலமேரிக்கு முகம் சூடேறியது. ஒன்றரை மணி நேரம் பின்னால் போவது துபாய் மணி. அவர் எப்போது சாப்பிட உட்காருவார், எப்போது வேலை விட்டு ரூமுக்குப் போவார் என்று நாள் முழுக்கக் கண்ணில் பட வேண்டும் அவளுக்கு. அதற்காகவே கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் துபாய் மணிக்கு மாற்றி வைத்திருந்தாள். செல்போனில் பார்த்தால் ஆகாதா என்று கேட்டால் பதில் கிடையாது. ஆசைக்கு ஏது பதில்? முந்தின நாள் காலையில் கம்ப்யூட்டர் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொண்டது. மதியம் லைசென்ஸைப் புதுப்பித்தாள்; ராத்திரி அவள் அதை மறுபடி பின்னால் தள்ளி வைத்துவிட்டாள்.

"நாந்தாம்மா மாத்தி வச்சேன்," என்றாள். "வீட்டுக்காரரு துபாயில இருக்காரு..."

"மணியப் பின்னாடி தள்ளுனா, நாம லைசென்ஸ் நாளை நீட்டப் பாக்குறோம்னு அது பூட்டிக்கும்க்கா," என்ற நிலோஃபரின் குரல் இளகியது. "என்னையப் பெத்த அத்தாவும் சவூதியிலதான் இருந்தாங்க. ஊரு மணி அப்படியே இருக்கட்டும். பக்கத்துல துபாய்க்கு ரெண்டாவது கடிகாரம் போட்டுத் தாரேன்."

போட்டுத் தந்தாள். லைசென்ஸையும் விடுவித்தாள். அடைக்கலமேரி மென்பொருளை நீக்கியபோது தப்பிக் கிடந்த பழைய ஃபோல்டர் ஒன்றைத் தேடியெடுத்து, மடையையும் கலிங்கையும் ஒன்று விடாமல் மீட்டாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று அடைக்கலமேரி மனதார மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

மூன்று ஐம்பதுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்குப் பதில் வந்தது. வேலை அவளுக்குத்தான்.

துபாயில் அப்போது மூன்றரை. வேலை நேரத்தில் அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டாள்.

"என்னாச்சு மேரி? ஆத்தாவுக்கு ஏதும்...?" சவரியப்பன் பதறினார்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்ங்க. வேலை கெடச்சிருச்சு. ரெண்டு வருசத்துக்கு."

அந்தப் பக்கம் இரும்பை அறுக்கும் சத்தம் குறைந்தது; அவர் தள்ளிப் போயிருந்தார். பிறகு, மேஸ்திரியிடம் லீவு கேட்பவரைப் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப, நான் வந்துரட்டுமா மேரி?"

தன் வீட்டுக்கு வர அனுமதி கேட்கிறார் மனிதர். அடைக்கலமேரிக்குக் கோபம் வந்தது, அதற்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

"இதக் கேக்கணுமாங்க?" என்றாள். "கெளம்பி வாங்க."