விடுமுறை வகுப்புக்கு வந்தவர்கள்

கிருபாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. இலத்தூரில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று, கிறிஸ்துமஸ் லீவு முழுவதையும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தாரை வார்த்துவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகளோ அரைப்பரீட்சை முடிந்த கையோடு மாமா வீடு, சித்தி வீடு என்று பறந்துவிட்டன. மிச்சமிருந்ததுகள் குளத்தங்கரையில் கிரிக்கெட் ஆடின. பெருக்கிய வகுப்பையே மறுபடி பெருக்கினாள். பஸ் ஸ்டாப் வரை நடந்தாள், திரும்பினாள்.

சும்மா இருக்கத்தான் பயம். சும்மா இருந்தால் அம்மா வந்துவிடுவாள். ஆகஸ்டில் அம்மா போன பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் இது. பாளையங்கோட்டை வீட்டில் அப்பா மட்டும். போனால், முதல் பண்டிகை துக்கம் என்று ஆளாளுக்கு வந்து உட்கார்ந்து அழுவார்கள். அதற்குத் தப்பித்தானே சென்னையிலிருந்து நேராக இங்கே வந்தாள்! "வேலை இருக்குப்பா" என்றதற்கு அவரும் சரி என்றுவிட்டார்.

"பண்டிகையும் அதுவுமா இங்கன வந்து கெடக்கியளே, டீச்சர்?" என்று எதிர்வீட்டு முத்துலட்சுமி கேட்டபோது வாய்தவறி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அது வினையாகப் போயிற்று.

மறுநாள் காலை முத்துலட்சுமியின் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். கிருபாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களாவது படிக்க வந்தார்களே! "வாங்க, வாங்க!" என்று பெஞ்சை இழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பென்சிலையும் நீட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. பென்சிலை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா இறந்ததற்குத் துட்டி கேட்க வந்திருக்கிறார்கள். துட்டிக்கு வந்தவர்களை யாராவது வாங்க என்று கூப்பிடுவார்களா?

அவர்களில் மூத்தவளான குருவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்தே இராத அம்மாவுக்காக அழுதாள். இவ்வளவு தூரம் ஓடியும் விடவில்லையே என்று கிருபாவுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அதுவும் போய், நாலு மாதமாக வராத அழுகை வந்தது.

"அப்பா அங்கன ஒத்தையிலயா இருக்காவ?" என்றாள் முத்துலட்சுமி. "கேக்க வாரவங்களுக்கு அவுக ஒருத்தரா பதில் சொல்லுதாவ?"

கிருபா வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"வீட்டுக்கு யாரும் வந்தாங்களாப்பா?"

"வாராவ, போறாவ. ஒன்னையக் கேட்டாவ. நீ உள்ள அசந்து தூங்குதேன்னு சொல்லிட்டேன். பாவம், சத்தம் காட்டாம எந்திச்சுப் போயிட்டாவ."



"நான் முழிச்சிட்டேன்னு சொல்லுங்கப்பா. சாயங்காலம் வந்திருவேன்."