எட்டு இறால்

என் மகள் சண்முகப்பிரியா முதல் இறாலை உரித்து வாயில் போட்டபோது மணி ஒன்று இருபது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்கு நான் கணக்கு வாத்தியார் என்பது காரணமல்ல. பயம்தான் காரணம். அடுத்த பத்து நிமிடத்தில் அவள் தொண்டை அடைத்துச் செத்துப்போகலாம் என்பது அந்த ஹோட்டலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் அந்த ஹோட்டல் புதிதாக வந்திருந்தது. நடத்துகிறவர் முகம்மது ரபீக். பிரியாவோடு பள்ளியில் படித்த ஜன்னத்தின் அப்பா. துபாயில் ஓர் அமெரிக்க ஹோட்டலில் பதினாறு வருஷம் சமைத்தவர். அமெரிக்காவின் தெற்கே லூசியானா என்று ஒரு மாநிலமாம். அந்த ஊரின் கேஜன், க்ரியோல் சமையலைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே கடை போட்டுவிட்டார். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிற கூட்டம் புரோட்டாவை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தது. தட்டு கிடையாது, மேஜையில் தாளை விரித்து அதன்மேல் கொட்டுகிறார்கள் என்று பிரியா சொன்னாள். மாட்டுக்கா கொட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

திங்கட்கிழமை அவள் கோயம்புத்தூர் காலேஜுக்குக் கிளம்புகிறாள். ஹாஸ்டல் வாசம். போவதற்கு முன் ஒரே ஒரு ஆசை கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் அங்கே ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இதில் என்ன பெரிய ஆசை என்று தோன்றலாம். எங்களுடையது கோயில் கட்டளை பார்க்கிற சைவக் குடும்பம். முட்டைகூட வாசல் தாண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஜன்னத் வீட்டில் பிரியா கோழி பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பொய் சொல்லத் தெரியாமல் என்னிடமே வந்து சொன்னாள். தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வா என்றேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள். நான் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கடைசியில் என் மனைவி உமா மகேஸ்வரிதான் நடுவில் புகுந்து, வெளியே அவள் இஷ்டம், வீட்டுக்குள் மட்டும் கூடாது என்று ஒரு முடிவு கட்டினாள். அதன்பிறகும் அவள் அசைவம் சாப்பிடுகிற இடத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட நான் இருபத்துமூன்று வயதில் இறால் தின்றவன். தூத்துக்குடியில் கூடப் படித்தவன் வீட்டில், யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற தைரியத்தில் இரண்டு கரண்டி இறால் தொக்கு. ஆறாவது நிமிடம் தொண்டை அரித்தது. எட்டாவது நிமிடம் உதடு தடித்தது. பத்தாவது நிமிடம் குரல் போய்விட்டது. மூச்சை இழுக்கிறேன், வரவில்லை. அந்தப் பயத்தைப் பட்டவனுக்குத்தான் தெரியும். ஊசி போட்டுப் பிழைக்கவைத்த டாக்டர், "இனிமே ஆயுசுக்கும் இதைத் தொடாத. ஒனக்குப் பொறக்குற பிள்ளைகளுக்கும் வரலாம், மறக்காம சொல்லி வை" என்றார்.

வீங்கின முகத்தோடு வீட்டுக்கு வந்து, தேனீ கொட்டிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அந்தத் தேனீயை முப்பது வருஷமாக வளர்த்து வருகிறேன். கல்யாணமான புதிதில் ஐந்தருவிக்குப் போனபோது மரத்தில் தேன்கூட்டைக் கண்டதும் உமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். வேறு என்ன செய்வது?

பிரியா சாப்பிடுவது கோழி மட்டும்தான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

பிள்ளை கிளம்புகிறாளே என்று சம்மதித்துப் போன அன்றைக்குச் சாரல் நன்றாக இருந்தது. ரபீக் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க சார். நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. ஒங்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. ராஜ்மா மாரி ஒரு செவப்பு பீன்ஸு, சோறு. நானே நின்னு செஞ்சு வச்சிருக்கேன். அந்த ஊருல பன்னி போடுவாங்க, நம்மட்ட அதெல்லாம் கெடையாது. கோழிதான்." சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

ஆர்டர் எடுக்க ஒரு பெண் வந்தாள். பிரியா அட்டையைப் பார்த்துப் படபடவென்று சொன்னாள்.

"எனக்கு எறா பாயில், அவிச்சுக் கொட்டுதது. அம்மாவுக்கு இந்த வெண்டைக்கா கம்போ."

நான் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"எறா எதுக்கும்மா? கோழி சாப்பிடேன்."

"கோழி எப்பமும் சாப்பிடுததுதானப்பா. எறா இன்னைக்குத்தான் மொத தடவ."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் உமா. "இவ்வளவு தூரம் எறங்கி வந்துட்டு, எறாவுக்குப் போயி மல்லுக்கு நிக்கணுமா?"

"அதுக்கில்ல உமா. சில பேருக்கு அது ஒத்துக்கிடாது. உசுருக்கே ஆபத்தா முடியும்."

"யாருக்குப்பா?" என்று பிரியா கேட்டாள்.

சும்மாதான் கேட்டாள். ஒரு வரி போதும். எனக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஈரத்தலையோடு நின்ற பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

"யாருக்கோ. பேப்பர்ல போட்டிருந்தான்."

சொன்ன மறுகணமே திருத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியாகிவிட்டது.

ஒரு பெரிய சட்டியைக் கொண்டுவந்து தாளின்மேல் கவிழ்த்தார்கள். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, துண்டு போட்ட கோழி சாசேஜ், நடுவில் சிவக்கச் சிவக்க மசாலா பூசிய இறால். எட்டு. எண்ணினேன். பிரியா பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு முதலாவதைத் திருகி உரித்தாள். ஒன்று இருபது.

நான் அவள் உதட்டைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். அவள் ஒருமுறை இருமினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"காரம்" என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள். "என்னப்பா அப்படிப் பாக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

சாப்பிடு என்று என் வாயாலேயே சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, அப்பா என்னையவே பாத்துக்கிட்டு இருக்காங்க, பாரேன்" என்றாள். அடுத்த இறாலை எடுத்தாள்.

முதல் இறாலுக்குக் கெடு ஒன்று முப்பது. ஆனால் இரண்டாவதை ஒன்று இருபத்திரண்டுக்குத் தின்றாள், அதற்குக் கெடு ஒன்று முப்பத்திரண்டு. மூன்றாவதற்கு முப்பத்துநான்கு. அவள் ஒவ்வொன்றாக உரிக்க உரிக்கக் கெடு தள்ளிக்கொண்டே போனது. மேஜைக்கு அடியில் போனை வைத்துப் பக்கத்தில் எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தேடினேன். ஒன்றரைக் கிலோமீட்டர். அருவிக் கூட்டத்தில் கார் போக எவ்வளவு நேரமாகும்? இவ்வளவு யோசிக்கத் தெரிந்த எனக்கு, நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லையே, இனியும் ஆகாது என்று ஒரு பக்கம் மனசு சொல்லும். அடுத்த வாயில் ஆகிவிட்டால் என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொள்ளும்.

இதற்கிடையில் கம்போ வந்தது. பழுப்பாக, கொழகொழவென்று, மேலே வெண்டைக்காய் மிதந்தது. கறித்துண்டோ மீனோ கிடையாது.

"நம்ம புளிக்குழம்பு மாரியேதான் இருக்கு" என்றாள் உமா. "வெறும் பீன்ஸையே எவ்வளவு நேரம் பெனஞ்சுக்கிட்டு இருப்பீங்க?" என்று இரண்டு கரண்டியை என் சோற்றில் ஊற்றினாள். ஹோட்டலுக்கு வந்தாலும் எனக்குப் பரிமாறிவிட்டுத்தான் அவள் கை வைப்பாள்.

சைவ வீட்டில் வளர்ந்தவனுக்குத் தட்டில் விழுந்ததை இது என்ன என்று கேட்கிற பழக்கம் கிடையாது. விழுவதெல்லாம் சைவம்தான். வெண்டைக்காய்க் குழம்பை யாராவது சந்தேகப்படுவார்களா? உமாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிரியாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே பிசைந்து சாப்பிட்டேன். என்ன ருசி என்றுகூடத் தெரியவில்லை.

எட்டாவது இறால் ஒன்று முப்பத்தாறுக்கு முடிந்தது. இன்னும் பத்து நிமிடம் தாண்டினால் போதும் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அரித்தது. பயத்தில்தான் அரிக்கிறது என்று நினைத்தேன். பிரியாவைப் பார்த்தேன், நன்றாக இருந்தாள். சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒங்க ஒதடு என்ன இப்படித் தடிச்சுப் போச்சு?"

தொட்டுப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே உதடு.

உமா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. என் சட்டைக் காலரை இழுத்துக் கழுத்திலும் முதுகிலும் தேடினாள். "தேனீ கொட்டியிருக்கு. எங்கன கொட்டுச்சு, சொல்லுங்க. ஏட்டி, கொடுக்கு எங்கயாவது தெரியுதா பாரு." ஓடிவந்த ரபீக் என் தட்டைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். "இதை யாரு சாருக்கு ஊத்துனது? இது எறா ஓட்டை வேகவச்ச தண்ணியிலல்லா செய்யுதது" என்றார். உமா காதில் அது விழவேயில்லை. அவள் தேனீயைத் தேடிக்கொண்டிருந்தாள். ரபீக் தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். மூச்சு விசில் மாதிரி வந்தது. பிரியா என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுப்பா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். செத்துப்போய்விடுவேன் என்று பயந்தேன். அதைவிட, இவளுக்கும் கொஞ்ச நேரத்தில் ஆரம்பிக்கும், அப்போது சொல்ல நான் இருக்கமாட்டேன் என்று பயந்தேன்.

சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தொடையில் ஊசியை இறக்கிவிட்டு, "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"தேனீ கொட்டி ஒருக்கா வந்திருக்கு டாக்டர்" என்றாள் உமா. "இன்னைக்கும் அதுதான்."

"மீன், இறால் ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"எங்க வீட்டுல முட்டைகூடக் கெடையாது டாக்டர்."

நான் கையை உயர்த்தினேன். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னேன்.

"தேனீ இல்ல. எறா. அன்னைக்கும் எறாதான்." அடுத்த மூச்சுக்குக் காத்திருந்து பிரியாவைக் காட்டினேன். "அவளைப் பாருங்க. பிள்ளைகளுக்கும் வரலாம்னு சொன்னாங்க. அவ எட்டு சாப்பிட்டிருக்கா."

டாக்டரம்மா பிரியாவை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஸ்டெத்தை நெஞ்சில் வைத்துக் கேட்டார், பிரஷர் பார்த்தார். ஒன்றுமில்லை, எதற்கும் கோயம்புத்தூரில் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள் என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "முப்பது வருஷமாத் தெரிஞ்சுமா சார் பொண்ணுகிட்ட சொல்லல?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

உமா சுவரைப் பார்த்து நின்றாள். "ஐந்தருவியில நான்லா இழுத்துக்கிட்டு ஓடுனேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். வெளியே போய்விட்டாள்.

பிரியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையுறையையும் மீறி விரல் நுனியில் இன்னும் மசாலாச் சிவப்பு ஒட்டியிருந்தது. அதைத் தாவணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எட்டுன்னு எப்படிப்பா தெரியும்?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" விரலைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "கோவமெல்லாம் போயிருச்சு, பிள்ள சாப்பிடுததைப் பாக்கணும்னு ஆசையாப் பாக்காங்கன்னு நெனச்சேன். அதனாலதான் எறாவ ஒவ்வொண்ணா மெதுவாச் சாப்பிட்டேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஊசி நன்றாக வேலை செய்திருந்தது. தொண்டையில் அடைப்பு எதுவும் இல்லை.