அடுத்த வருஷத்து அறை

சிவகாசியில் காலண்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷம் நம்மைப் போலப் பிறப்பதில்லை. ஊரெல்லாம் பொங்கல் வைக்கிறபோதே அவர்கள் மேசையில் அதற்கடுத்த வருஷம் வந்து உட்கார்ந்துவிடும். ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்குள் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் ராகு காலம், எமகண்டம், முகூர்த்தம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து முடித்திருக்க வேண்டும். ஓர் அமாவாசை ஒரு கட்டம் தள்ளிப்போனால் போதும், எத்தனையோ வீட்டில் விரதம் தள்ளிப்போகும்.

சீனிவாசகம் நாற்பத்து மூன்று வருஷம் அப்படிப் புரூஃப் பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் கம்பெனியில் கடைசித் தாளை அவர் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். ஆகவே அவர் எப்போதும் நமக்கு ஒரு வருஷம் முன்னாலேயே இருந்தார். ஒருமுறை திருத்தங்கலில் ஒரு கல்யாணத்துக்கு வேட்டி மடிப்புக் கலையாமல் கிளம்பிப் போனவர், மத்தியானமே திரும்பி வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தார். மண்டபம் பூட்டிக் கிடந்ததாம். முகூர்த்தம் அடுத்த வருஷத்தது. செல்லக்கனி சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

செல்லக்கனி அவர் மனைவி. அவளுக்கு இந்த வருஷம் போதும். பால், கரண்ட் பில், மகன் ராம்குமாரின் பள்ளிக்கூடம், பிறகு அவன் கல்யாணம், எல்லாம் இந்த வருஷத்தில்தானே நடக்கின்றன. ஆனால் சில சாயங்காலங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாள்களைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். மை வாசனை ஆறாத அந்த நாட்களில் இன்னும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. யாரும் சாகவில்லை. கட்டம் கட்டமாக வெயில் படாத நாட்கள். அதற்குள் காலை வைத்து நடந்தால் தரை சில்லென்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

இந்த இரண்டு வருஷமாக வீட்டில் சின்னச் சின்னதாகச் சில நடந்தன. பால் வாங்கப் போனவர் வெறும் தூக்குவாளியோடு வந்தார். செத்துப்போன அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சவுக்கியமா என்று கேட்டார். அடுப்பைத் திறந்துவிட்டு நெருப்பு வைக்காமல் நின்றார். எது நடந்தாலும் வீட்டில் அதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது: காலண்டர் புத்தி. அடுத்த வருஷத்துக்காரர் அல்லவா, அப்படித்தான் இருப்பார் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். சிரிக்கக் காரணம் இருக்கிற வீட்டில் யார் போய் டாக்டரைத் தேடுவார்கள்?

சித்திரையில் செல்லக்கனி குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நாலடி நடக்க முடியவில்லை. ராம்குமாருக்குக் கோயமுத்தூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு மாதம் மூவரும் பேசிப் பேசி வீட்டை விற்றுவிடுவது, முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் இருவரும் சேர்ந்து தங்குவது என்று முடிவானது. செல்லக்கனி கேட்டது ஒன்றுதான். இருவருக்கும் ஒரே அறை. வேறு எது எப்படி இருந்தாலும் சரி.

வீடு ஐம்பது லட்சத்துக்குப் போனது. அதை வைத்துக்கொண்டு இடம் பார்த்தார்கள். மதுரையில் ஒன்றில் நிர்வாகி தரையில் போட்ட மார்பிளைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். சிவகாசியில் ஒன்றில் கூடத்து டிவியை யாரும் அணைக்க விடவில்லை. மூன்றாவது இது, ஆமத்தூர் தாண்டி, விருதுநகர் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவில்.

ஆவணி பிறந்து நாலு நாள். ஆடிக் காற்று இன்னும் நின்றபாடில்லை. காட்டப்பட்ட அறையில் இரண்டு கட்டில், சாய்ந்து ஏறிக்கொள்ளக் கைப்பிடி, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு. வேம்பின் நிழல் படுக்கை விரிப்பின் மேல் நீந்திக்கொண்டிருந்தது. எங்கோ தென்காசிக்குப் போகிற ரயில் கூவியது. செல்லக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏற்கெனவே இங்கே பல நாள் தூங்கி எழுந்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது. இருவருக்கும் சேர்த்து மாதம் நாற்பதாயிரம், சாப்பாடும் நர்ஸும் உட்பட. திருப்பித் தருகிற முன்பணம் இரண்டு லட்சம். மீதி நாற்பத்தெட்டு லட்சம் பத்து வருஷத்துக்கு வரும் என்று ராம்குமார் கணக்குச் சொன்னான். பத்து வருஷம் யார் இருக்கப்போகிறார்கள் என்று அவள் சிரித்தாள்.

இல்லத்தை நடத்துகிற நசிமா முப்பத்தைந்து வயதுக்காரி, நர்ஸ் படிப்புப் படித்தவள், விருதுநகரில் மிளகாய்க் கமிஷன் கடைக்காரர் மகள். சேர்க்கும் முன்னால் எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள் சில உண்டு என்று ஒரு படிவத்தை எடுத்தாள். செல்லக்கனிக்கு முடிந்ததும் சீனிவாசகத்தின் முறை வந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். வியாழன் என்றார். அன்று புதன். வருஷம் கேட்டாள். இரண்டாயிரத்து இருபத்தாறு என்றார், ஒரு வருஷம் கூட்டி. தீபாவளி எப்போது என்றாள்.

"நவம்பர் எட்டு, ஞாயித்துக்கிழமை. லீவு போச்சேன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அழும்" என்றார் சீனிவாசகம்.

நசிமா மூன்று பெருக்கல் குறி போட்டாள். செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, காலண்டர் கம்பெனி சமாசாரம், ஆடிப் பதினெட்டு, திருத்தங்கல் கல்யாணம் எல்லாம் சொன்னாள். நசிமாவும் சிரித்தாள். அப்படியானால் அடுத்த வருஷம் எங்கள் பெருநாள் எப்போது என்று அவரிடமே கேட்டாள்.

"மார்ச்சு இருபத்தொண்ணு, சனின்னு போட்டிருக்கு. ஆனா அது ஒண்ணை மட்டும் எங்களால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. பிறையில்ல சொல்லணும்" என்றார்.

"சரிங்கய்யா, நாங்க இருக்கிற வருஷத்தைச் சொல்லுங்க."

"உங்க வருஷமா? இருபத்தஞ்சு. இன்னைக்கு புதன்."

நசிமா மூன்று குறிகளையும் அடித்துத் திருத்தினாள். ராம்குமார் செக் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். வேம்பின் நிழல் படிவத்தின் மேல் வந்து போனது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் செல்லக்கனி நினைத்தாள்.

இன்னும் நாலைந்து கேள்வி பாக்கி, விட முடியாது என்றாள் நசிமா. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். சீனிவாசகம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அதில் எழுதியிருக்கிற மாதிரி. இட்லியா, தோசையா என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். நசிமா கதவருகே நின்ற ராம்குமாரைக் காட்டி, இவர் யார் என்றாள்.

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கோயமுத்தூர் பார்ட்டி. ஆர்டர் விசயமா வந்திருக்காக. தம்பிக்கு ஒரு டீ சொல்லுங்க."

அப்பா விளையாடாதீர்கள் என்றான் ராம்குமார், சிரிக்கிற குரலில். அவர் விளையாடவில்லை. எழுந்து நின்று கை கூப்பினார்.

"கோவிச்சுக்கிடாதீக தம்பி. இந்த சீசன்ல டேட்டு தர முடியாது. அம்புட்டும் புக்காயிருச்சு."

ராம்குமார் திரும்பி வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றான். செல்லக்கனி வாக்கரின் பிடியைப் பார்த்தபடி இருந்தாள். பங்குனியில் ஒருநாள் விடியற்காலை அவர் அவளை எழுப்பி, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை, இங்கே எப்படி வந்தீர்கள் என்று பதமாகக் கேட்டிருந்தார். காப்பி குடித்ததும் சரியாகிவிட்டார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலண்டர் புத்தி என்று தன்னிடமே சொல்லி, மூடி வைத்துவிட்டாள். அடுத்த வருஷத்தில் இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதானே என்று அப்போதே அவள் மனசு கேட்டது. அதையும் மூடி வைத்திருந்தாள். இப்போது இந்தப் பெண்ணின் முன்னால் அந்த விடியற்காலையைச் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது.

நசிமா பேனாவை மூடினாள். இந்த இல்லத்துக்கு உள்கட்டு என்று ஒரு பகுதி உண்டு. மறதி முற்றியவர்கள் இருக்கிற இடம். கதவுக்கு எண் பூட்டு, இரவும் பகலும் ஆள். அய்யா அங்கேதான் இருக்க வேண்டும் என்றாள். வேப்பமரத்து அறையில் வைக்க முடியாதா என்று செல்லக்கனி கேட்டாள்.

"ராத்திரி அவுக எந்திரிச்சு ரோட்டைப் பாத்து நடந்தா, வாக்கரை வச்சுக்கிட்டு நீங்க எங்கன போய்ப் பிடிப்பீக? லாரி ஓடுற ரோடும்மா."

உள்கட்டில் ஓர் ஆளுக்கே மாதம் நாற்பதாயிரம். செல்லக்கனி வெளியே ஒற்றை அறையில் இருபதாயிரத்துக்கு இருக்கலாம், பகலில் போய் அவரோடு உட்காரலாம், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். நசிமா இதையெல்லாம் கனிவாகத்தான் சொன்னாள். சாயங்காலம் ஆறு மணி என்ற வார்த்தை மட்டும் செல்லக்கனியின் காதில் நின்றுகொண்டே இருந்தது.

மூவரும் வேம்படிக்குப் போனார்கள். சீனிவாசகத்தை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். காற்றில் பழுத்த இலை உதிர்ந்து அவர் மடியில் விழ, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ராம்குமார் போனில் கணக்குப் போட்டான். இப்படித் தனித்தனியாக இருந்தால் பணம் ஆறு வருஷம் எட்டு மாதம் வரும்.

"நானும் உள்ள இருந்தா?" என்றாள் செல்லக்கனி.

ராம்குமார் நிமிர்ந்தான். எண்பதாயிரம் ஆகும், சரியாக ஐந்து வருஷம் என்றான். பிறகு பேச்சு வேகமாக வந்தது. நினைவு நன்றாக இருக்கிறவளுக்குப் பூட்டிய இடம் எதற்கு, அங்கே பேச யார் இருக்கிறார்கள், இருபது மாதம் போகிறதே. அவர்கள் பின்னாலேயே வந்த நசிமாவும் அதைத்தான் சொன்னாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விதி இடம் தரும், கதவுப் பூட்டின் எண்ணும் அவளுக்குத் தெரிவிக்கப்படும், ஆனால் அங்கே இருக்க இருக்க மனசு சோர்ந்துபோகும், வேண்டாம் என்றாள்.

"அம்பத்தோரு வருஷமா அவுக ஒரு வருஷத்துல, நான் ஒரு வருஷத்துல இருந்திருக்கோம் தாயி. ரூம்பு மட்டுந்தான் ஒண்ணா இருந்துச்சு. அதையும் விட்டா என்ன இருக்கு?"

ராம்குமார் மெதுவாகக் கேட்டான்.

"இருபது மாசம் கொறையுதேம்மா."

"கடைசியிலதானலே கொறையுது."

"அஞ்சு வருஷத்துக்குப் பெறகு?"

"அதுக்குப் பெறகு நீ இருக்கியே."

அவன் தகப்பனைப் பார்த்தான். அவனுக்கு டீ சொன்ன அந்த மனிதரை. இருக்கேம்மா என்றான்.

செல்லக்கனி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைக் கேட்காமல் முடிவு பண்ண அவளுக்கு மனசில்லை. என்னங்க, நாம ரெண்டு பேரும் இங்கனயே தங்கிருவோமா என்றாள். அவர் இலையிலிருந்து கண் எடுத்து அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்ன கேக்கே? போன வருஷத்துல இருந்து இங்கனதானே இருக்கோம்."

அவர் வருஷத்திலிருந்து பார்த்தால் அது நடந்து முடிந்த விஷயம். செல்லக்கனிக்கு அது போதுமான சம்மதமாக இருந்தது. உள்ளே போய் நசிமா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ராம்குமார் செக் எழுதினான்.

பத்து நாளில் குடிவந்தார்கள். உள்கட்டு அவள் பயந்த மாதிரி இல்லை. எல்லோரும் மெதுவாக நடந்தார்கள், தண்ணீருக்குள் நடக்கிறவர்களைப் போல. ஒரு பெண் ராஜபாளையம் பஸ் போய்விட்டதா என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டாள். இனிமேதான் வரும் என்று ஆயா ஒவ்வொரு முறையும் புதுசாகச் சொன்னாள். மூன்றாம் முறை செல்லக்கனியைக் கேட்டபோது, வரும்க்கா, உக்காருங்க என்று அவளும் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே வேம்பு இல்லை. ஒரு பப்பாளி மரமும் சுற்றுச்சுவரும் தெரிந்தன. சுவருக்கு அப்பால் ஆகாயம் தாராளமாக இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போடச் சொன்னாள். சீனிவாசகம் நேராகப் போய்க் கதவோரத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து கதவுப் பக்கம் அவருடையது, சுவர்ப் பக்கம் அவளுடையது. யாரும் சொல்லி வந்ததில்லை.

செல்லக்கனி வாக்கரைப் பிடித்தபடி அவர் முன்னால் நின்றாள்.

"இன்னைக்கு நான் இந்தப் பக்கம் படுக்கேன்."

அவர் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பயமா இருக்காதா?"

"இருக்காது. தள்ளிப் படுங்க."

அவர் முழங்கையை ஊன்றி மெல்ல நகர்ந்து சுவர்ப் பக்கம் போய்ப் படுத்தார். அவள் அவர் விட்ட இடத்தில் சாய்ந்தாள். மெத்தை அவர் சூட்டில் இருந்தது. காற்று பப்பாளி இலையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் கை எதையோ தேடி வந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. மூச்சு சீரானது. கதவுப் பக்கம் ஒரு காதை வைத்தபடி, செல்லக்கனி கண்ணை மூடினாள்.