எர்மிலோவின் ஜாடிகள்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கொல்லையில் எந்த உடைந்த வாளி கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் எங்கள் ஊர் மெரிதாவின் மாநகராட்சி லாரி வரும்போது, முன்னால் போய்க் கதவைத் தட்டுகிறவள் நான்தான். பழைய டயர், தகர டப்பா என்று தண்ணீர் தேங்குகிற எதையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் லாரி வர ஆரம்பித்த பிறகு எங்கள் தெருவில் டெங்குவால் ஒரு சாவு இல்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

திறக்காதது ஒரே ஒரு கதவு, பக்கத்து வீட்டு நிதியாவின் பின்னறை.

அவள் மகன் எர்மிலோ போன வருஷம் மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்து செத்தான். பதினொரு வயசு. அக்டோபர் கடைசியில், செத்தவர்கள் வீட்டுக்கு வருவதாக நாங்கள் நம்பும் நாட்களில், எல்லோரையும் போல அவளும் மேஜை போட்டு, படம் வைத்து, அவன் குடிக்கத் தண்ணீரும் சாமந்தியும் வைத்தாள். நவம்பர் முடிந்தால் மேஜையை எடுத்துவிட வேண்டும், வந்தவர்களை அனுப்பிவைத்தாக வேண்டும். நிதியா எடுக்கவில்லை.

இந்த மழைக்கு மாநகராட்சி ஆள் பெச் வந்தபோது கொல்லையைப் பெருக்கிச் சுத்தமாகக் காட்டினாள். பின்னறையை மட்டும் பிள்ளையின் அறை என்று மறித்தாள். வீட்டு ஆட்கள் விடாமல் உள்ளே போக அவருக்கு உரிமை இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகள் அரேலி பக்கத்தில் நின்று காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். சின்னப் பெண், ஏற்கெனவே ஒரு தடவை டெங்கு வந்து பிழைத்தவள். இரண்டாவது தடவை வந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்று பெச் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

அவர் போனதும் நிதியாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேஜையில் எர்மிலோ படத்தைச் சுற்றி ஜாடி ஜாடியாகத் தண்ணீர், அதில் நெளிகிற புழு. ஈர மணலில் பூவைச் செருகு, கல்லறையிலேயே இப்போது அப்படித்தானே வைக்கிறோம் என்றேன்.

"மணலையா குடிப்பான் எம்புள்ள?"

"செத்தவனுக்குத் தாகம்னு உசிரோட இருக்கறவளக் கொசுவுக்குக் குடுக்கறியாடி?"

என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சே இல்லை. அரேலிக்குக் காய்ச்சல் வந்ததைக்கூட மறைத்துவிட்டாள்.

அக்டோபர் கடைசி நாள் காலையில் என் சமையலறை ஜன்னலுக்கு வந்து, சிரித்துக்கொண்டே நின்றாள்.

"பாப்பாவுக்கு நாலஞ்சு நாளா நெருப்பாக் கொதிச்சுதுக்கா. இப்ப எறங்கிருச்சு. ஒடம்பு ஜில்லுன்னு இருக்கு."

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். ஓடிப் போய்ப் பார்த்தால் அரேலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஈறில் ரத்தம். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ட்ரிப் ஏற்ற அரேலியின் இடது கையில் நரம்பு அகப்படவில்லை. வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, வீங்கிய சதையில் புதைந்து கிடந்தது. ஆவிகள் திரும்பிப் போகும்போது கூடவே கூட்டிப்போய்விடக் கூடாது என்று இந்த நாட்களில் பிள்ளைகளுக்கு எல்லோரும் கட்டுவதுதான். என் பேரனுக்கும் நானே கட்டியிருந்தேன். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். நிதியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதீங்கம்மா. இன்னைக்குத்தான் செத்த புள்ளைங்க வர்ற நாளு. அவன் இவளத் தேடிட்டு வந்துருவான்."

ஒரு வருஷமாகப் போகாதே போகாதே என்று அவனைப் பிடித்து வைத்திருந்தவள், இப்போது அவனுக்கே பயந்து நின்றாள். அவள் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் கயிற்றை அறுத்தாள். எர்மிலோ வருகிறானா என்று நிதியா கதவைப் பார்த்தாள். நானும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.