பத்து மூச்சு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை குற்ற உணர்வில் பிறந்தது. அதுவும் என்னுடையது. ஒரு பெண்கள் இதழில் வாராவாரம் ‘அம்மாக்களுக்கு ஐந்து நிமிடம்’ என்று எழுதிவருகிறேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் தோளைத் தளர்த்துவது எப்படி, பல் தேய்த்தபடியே ஒற்றைக்காலில் நிற்பது எப்படி என்கிற ரகம். எனக்குக் குழந்தை கிடையாது.* ஊருக்கு உபதேசம் செய்ய அது தடையாக இருந்ததில்லை.

நான் எழுதியதை நம்பிச் செய்துபார்த்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, என் அண்ணி.

(* இந்த வரியை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறை திரும்பச் சேர்த்தேன்.)

2

தொடக்கம் ஒன்று: “அதிகாலை ஐந்து மணி. வீடே உறங்கிக்கொண்டிருக்க, அவள் பாயை விரித்து...”

வீடு உறங்கவில்லை. பத்து மாதப் பாப்பா நான்கு மணிக்கே எழுந்துவிடும்.

தொடக்கம் இரண்டு: “அவள் முகத்தில் ஒரு சாந்தம்...” பொய். அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். அண்ணி ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். “மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க” என்று நாளுக்கு நூறு பேரிடம் சொல்வாள். அண்ணன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்கமாட்டான். பாப்பாவுக்கு மூத்தவன் ஆறு வயது. வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அண்ணி பாயை விரித்தால் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டுவான். குளியலறைக்குள் போய் உட்கார்ந்தால் கதவுக்கடியில் அவன் விரல்கள் நுழையும்.

“பேரு என்ன சொன்ன, சவாசனமா?” என்று ஒருநாள் போனில் கேட்டாள். “நான் தினமும் அப்படித்தானே விழுந்து கிடக்கறேன்? அதுக்கு ஆசனம்னு பேரு வேறயா?”

“அது வேற, அண்ணி. கண்ண மூடிப் படுத்து மூச்ச மட்டும் பத்து பத்தா எண்ணணும். யாரும் திறக்காத கதவு ஒண்ணு கண்டுபிடிங்க, போதும்.”

அந்த வாக்கியம் என்னுடையது. அழகாக இருக்கிறதென்று இதழிலும் போட்டேன்.

3

கண்டுபிடித்தாள். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு பல்பு எரிந்தால் பெரிய டாக்டர்கூடக் கதவைத் தொடமாட்டார். ஒன்றரை மணிக்குக் கூட்டம் ஓயும். செல்போனை வெளியறை இழுப்பறையில் போட்டுவிட்டு, பல்பை எரியவிட்டு, நோயாளிகள் படுக்கும் மேசையிலேயே படுப்பாள். ஐந்து நிமிடம். இப்படிப் பதினோரு நாள் நடந்தது. அந்தப் பதினோரு நாளும் வாலுவை அவள் திட்டவில்லை என்று எனக்குச் சொன்னாள். நான் பூரித்துப்போனேன்.

பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூடப் படியில் வாலு விழுந்தான். வலதுகை மடங்கிவிட்டது. டீச்சர் போன் செய்து பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி அடுத்த தெருதானே என்று தூக்கிக்கொண்டே ஓடிவந்தார். வாசலில் ஆயாம்மா தடுத்தாள்: “லைட்டு எரியுது பாருங்க. உள்ள படம் எடுக்கறாங்க.”

பிள்ளை அந்தக் கதவைப் பார்த்துக் கத்தினான்.

4

இங்கே நான் முதலில் எழுதியது இது: “தடித்த கதவு. ஏதோ ஒரு குழந்தை அழுவது தூரத்தில் கேட்டது. அது தன் மகன் என்று அவளுக்குத் தெரியவில்லை.”

எழுதியதை அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். அப்போது வாலுவுக்கு மாவுக்கட்டு பிரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நின்றபடியே படித்தாள். பாப்பா இடுப்பில் இருந்தது.

“தெரியலன்னு போட்டிருக்க.”

“ஆமா அண்ணி.”

“தெரிஞ்சுது.”

பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“கத்தி முடிக்கறப்போ அவனுக்கு ஒரு விக்கல் வரும், கேட்டிருக்கியா? நாலாவது மூச்சுல அது கேட்டுது. பத்து வரைக்கும் எண்ணிட்டுத்தான் எழுந்தேன்.”

“பாவம், அசதியில எழுந்திருக்க முடி...”

“முடியலன்னு எழுதிடாத. முடிஞ்சுது. எழுந்திருக்கல.”

“ஆறு மூச்சுதானே. ஒரு நிமிஷம்கூட இல்ல.”

“எனக்கு இல்ல. அவனுக்கு?”

படத்தையும் அவளேதான் எடுத்திருக்கிறாள். கையை அசைக்காதே கண்ணு என்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவன் கேட்டானாம்: “நீ வேலையா இருக்கேன்னு டீச்சர் சொன்னாங்க. நான் கத்துனது உனக்குத் தொந்தரவா இருந்துச்சாம்மா?”

அதற்குப் பிறகு அவன் சத்தம் போட்டு அழுவதில்லை. கட்டுப் பிரிக்கும்போதும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான். “என்ன சமத்து!” என்றார் டாக்டர். அண்ணி வெளியே போய் வாந்தியெடுத்தாள்.

5

முடிவு ஒன்று: அண்ணி ஞாயிறுதோறும் யோகா வகுப்புக்குப் போகிறாள், மனம் லேசாகிறது. (இதழாசிரியருக்கு இது பிடிக்கும்.)

முடிவு இரண்டு: எழுதிக்கொண்டே போனபோது என் கை அவளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டது. பயந்து தாளைக் கிழித்தேன். அன்றே அவளைப் பார்க்கப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

நடப்பது இதுதான்: அவள் உட்காருவதே இல்லை. மதியச் சாப்பாடும் நின்றபடிதான். ‘ஐந்து நிமிடம்’ எழுதுவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசை. விடவில்லை. போன வாரம் கழுத்துவலிக்கு எழுதினேன்.

6

வாலு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டான். இப்போது என் மேசையருகே நிற்கிறான். இந்தத் தாள்களில் விரல் வைத்து, “அ... ண்... ணி. யாரு அத்தை இது?” என்கிறான்.

நான்காம் பகுதியில் ஒரு வரியை இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் முன்னால் என் கை ஓடவில்லை. இரண்டையும் எழுதிவைக்கிறேன்:

அவளுக்குத் தெரிந்தது.
அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். சீக்கிரம். அவன் விரல் அடுத்த பக்கத்துக்கு வந்துவிட்டது.