இடது பக்கத்து நட்டுகள்

மாதேஷ் ஜிப்சி ஜீப்பின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மழை மண்ணில் இறங்கியிருந்த சக்கரங்கள் அசையவில்லை. அண்ணன் நல்லமுத்துவின் பாடை அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

"உசுரோட இருக்கையிலயும் வழிய அடைச்சுத்தான் வண்டிய நிறுத்துவான். போகையிலயும் அதே பொழப்பு," என்றாள் பக்கத்து வீட்டு சாந்தாமேரி. இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பூவாயி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் பட்டறையிலிருந்து டீ குடிக்க வந்த நல்லமுத்து, டம்ளரை வாங்கிய கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வாசலில் நின்ற ஜிப்சிக்குச் சாவி இல்லை. ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேறு ஜீப் கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது.

சாவி வைத்திருந்த ஜெப்சன் இப்போதுதான் சேலத்திலிருந்து மாலையோடு வந்திருந்தான். நாளைக்குக் கோயமுத்தூர் ரேஸ் தளத்தில் அந்த வண்டியை ஓட்டப்போகிறவன். கூரை இல்லாத வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க, சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புக் குழாயை நல்லமுத்துவிடம் கேட்டிருந்தான். ரோல் பார். குழாய் இப்போது வண்டியில் நின்றது. கறுப்புப் பெயிண்ட்கூட அடித்தாயிற்று.

"நான் எடுத்து ஓரமா விட்டுடறேங்க," என்றான் மாதேஷிடம்.

"ஓரமா எதுக்குங்க? வேலதான் முடிஞ்சுதே. அப்பிடியே ஓட்டீட்டுப் போயிருங்க."

முடிந்ததா? பூவாயிக்குத் தெரியவில்லை. குழாயின் கால்களை வண்டியின் தரைத்தகட்டோடு போல்ட்டுகள்தான் பிடிக்கின்றன. நல்லமுத்து அடியில் படுத்து நட்டை முறுக்கும்போது, மேலே போல்ட்டு சுற்றாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது அவள் வேலை. வலது பக்கம் பிடித்தது நினைவிருந்தது. இடது பக்கம்? பிடித்தாளா, சோறு பொங்குகிறதென்று உள்ளே போனாளா? அது முந்தாநாள் இல்லையா? எப்படி யோசித்தாலும் டம்ளர் விழுந்த சத்தத்தில் போய் நின்றது.

யாரிடம் சொல்வது? கிடத்தியிருக்கும்போதே அவன் வேலையில் குறை சொல்கிறாள் என்பார்கள். சொல்லாமல் விட்டால், நாளைக்கு அந்தப் பையனின் தலைக்கு மேல் இந்தக் குழாய்தான்.

இஞ்சின் உறுமியது. அவள் எழுந்தாள்.

"எங்க புள்ள போற, அவன உட்டுப்போட்டு?" சாந்தாமேரி கையைப் பிடித்தாள். பூவாயி விடுவித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க தம்பி, அமத்துங்க."

ஜெப்சன் இஞ்சினை அணைத்தான். அவள் பட்டறைக்குள் போய் இரண்டு ஸ்பேனர்களை எடுத்து வந்து, ஒன்றை அவன் மடியில் வைத்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? நொம்பப் பேரு பாக்கறாங்க, எந்திரிங்க." மாதேஷின் வெறுங்கால்கள் டயருக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

வலது பக்கத்து நட்டுகள் கல்லைப் போல இருந்தன. இடது பக்கத்தில் முதல் நட்டு அவள் விரலுக்கே சுற்றியது. கையால் ஏற்றிவிட்டதோடு நின்றிருந்தது. அவள் விரல்கள் அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தன.

"தம்பி, இடது பக்கத்துப் போல்ட்ட அழுத்திப் புடிங்க. சுத்த உட்றாதீங்க."

முறுக்கினாள். நட்டு இறுகியது. இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். அவன் எந்த இடத்தில் நிறுத்துவான்? எப்போதும் மேலே இருந்தவள், பார்த்ததில்லை.

"போதுங்களா?" என்றாள்.

மேலிருந்து ஜெப்சன் சொன்னான்:

"எனக்குத் தெரியலைங்கக்கா."

அவள் கண்ணில் உதிர்ந்த காய்ந்த மண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, அடுத்த நட்டைத் தேடிக் கையை நீட்டினாள்.